கருகுற வாடை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஆஸ்பத்திரியில் பூட்டிய கதவுக்குள் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு. வழக்கைச் சந்திக்கும் மனநிலை எனக்கு இல்லையாம், கோர்ட்டே சொல்லிவிட்டது. ஏன் தெரியுமா? டாக்டர் கேள்வி கேட்கும்போதெல்லாம் அவர் தலைக்கு மேலிருந்த சுவிட்ச் போர்டையே பார்த்தேன். "சார், வயர் கருகுற வாடை வருது, மெயினை அணைங்க" என்று மூன்று தடவை சொன்னேன். இல்லாத வாடை வருவதாக எழுதிவிட்டார். இருபது வருஷம் வயரிங் வேலை பார்த்தவன் வேறு எதைப் பார்ப்பான், அவர் மீசையையா?

நான் வேலை பார்த்த குடோன் எரிந்ததும் இப்படித்தான். பழைய வயரை மாற்றச் சொன்னேன், முதலாளி கேட்கவில்லை. இப்போது கொளுத்தியவன் நானாம்! இதைக் கோர்ட்டில் சொல்ல வேண்டாமா? அப்பீல் போடுகிறேன். எனக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று நீ ஒரு கையெழுத்துப் போடு, போதும்.

உன் தம்பி

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? போர்வை வந்ததா? அப்பீல் கிப்பீல் என்று ஆரம்பிக்காதே. அங்கே கட்டில் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது. வழக்கு நடந்து தோற்றால் பத்து வருஷம் ஜெயில். கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இரேன்டா! உன்னோடு மல்லுக்கட்டியே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அக்கா

மார்ச் 19

அக்கா,

போர்வை வந்தது. டாக்டரின் அறிக்கையை வக்கீல் கொண்டுவந்தார். நாலாம் பக்கத்தில், "சின்ன வயசுலேர்ந்தே இல்லாத வாடை வருதும்பான்." சொன்னது நீ.

என்னைக் காப்பாற்றவா? கொளுத்தாதவனை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? நான்தான் கொளுத்தினேன் என்று நீயும் நம்புகிறாய். இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி எழுது. முடியாதென்றால் இனி எதுவும் அனுப்பாதே.

தம்பி

ஏப்ரல் 2

தம்பி,

அந்த ஒரு வரிக்கு இரண்டு வாரம் ஆகிவிட்டது. நம்பினேன்டா. குடோன் எரிவதற்கு முந்தின நாள் முதலாளியிடம் போனில் "எரிஞ்சு நாசமாப் போகட்டும்" என்று நீ கத்தியது என் காதில் விழுந்தது.

நேற்று அதே டாக்டரின் அறைக்குப் போனேன், உன் அப்பீலைத் தடுக்க இன்னொரு கடிதம் வாங்க. உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே நீ சொன்ன அந்த வாடை என் மூக்கிலும் ஏறியது. "சார், ஏதோ கருகுது, மெயினை அணைங்க" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துப் பேனாவை எடுத்தார். "எழுதுங்க சார், குடும்பமே பைத்தியம்னு நல்லா எழுதுங்க!" என்று கத்திவிட்டு நேரே வக்கீலிடம் போய்க் கையெழுத்துப் போட்டேன். அன்று உன்னைப் பற்றி டாக்டரிடம் நான் சொன்னது பொய் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கு என்னை உள்ளே வைத்தால் வைக்கட்டும்.

கோபம் தீரும்வரை நீ எழுத வேண்டாம். போர்வையை மட்டும் திருப்பி அனுப்பிவிடாதேடா.

அக்கா