கண்ணிமையில் தங்கப் பொட்டு

அன்புள்ள விஜேந்திரன் அண்ணாவுக்கு,

முதலில் ஒரு கெஞ்சல். இதை யாருக்கும் காட்டாதீர்கள், உங்களோடு தங்கியிருக்கும் நம் ஊர்க்காரர்களுக்குக்கூட, படித்ததும் கிழித்துவிடுங்கள். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் எழுதுவார்கள், நான் அதைப் பயத்தோடு எழுதுகிறேன். இதனுடன் வரும் அம்மாவின் கடிதத்தையும் அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன், ஆனால் அதில் பாதியை நம்பாதீர்கள். போனில் சொல்லலாம் என்றால் நீங்கள் பேசும்போது அம்மா சத்தத்தைக் கூட்டி வைக்கிறார், லயத்தில் அத்தனை வீட்டுக்கும் கேட்கிறது. அதனால் நாளைக்குக் கட்டாருக்குத் திரும்பும் ஷிராஸ் அண்ணன் கொண்டுவரும் பார்சலில், நெய்ப் போத்தலுக்கு அடியில் இதை ஒளித்து வைக்கிறேன். அந்த நெய்யைத் தொடாதீர்கள்.

போன மாதம் ஜெயராசா மாமா காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், சிங்களம் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துப் போனார்கள், போனால் டொக்டர் நஸ்மியா தமிழிலேயே பேசினார். மாமாவின் கண்ணிமையில் இருக்கும் மஞ்சள் பொட்டைப் பார்த்தார், குதிகாலுக்கு மேலே தடித்துக் கிடக்கும் நரம்பை அமுக்கிப் பார்த்தார், வீட்டில் யார் யார் எந்த வயதில் இறந்தார்கள் என்று கேட்டார். மாமா கல்யாணப் பத்திரிகை வாசிப்பது போல வாசித்தார். "எங்கப்பா நாப்பத்தொண்ணுலங்க, அண்ணன் முப்பத்தெட்டுலங்க, மச்சான் நாப்பதுலங்க, ஒருத்தரும் பாயில கெடந்து சாகலீங்க, எல்லாம் நின்ன நெலையில போனவங்க" என்று மீசையைத் தடவிக்கொண்டார். அந்த மச்சான் நம் அப்பா, மாமாவுக்குச் சொந்த அத்தை மகன்.

அந்தப் பொட்டுக்கு நம் வீட்டில் இருக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியும். கங்காணிப் பாட்டன் தங்கக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கப்பலேறினாராம், அன்றிலிருந்து வம்சத்துக்கு அந்த முத்திரையாம். பொட்டு ஒரு பாவமும் அறியாதது. தாத்தாவைக் கொன்றது உரமூட்டை, பெரிய மாமாவைக் கொன்றது செய்வினை, அப்பாவைக் கொன்றது தோட்டத் தொரையின் ஏச்சு. ஆனால் டொக்டர் அது தங்கமில்லை, கொழுப்பு என்றார். கொலஸ்ட்ரோலை இரத்தத்திலிருந்து ஒழுங்காக அகற்றத் தெரியாத உடம்போடு சிலர் பிறக்கிறார்களாம், அது மெலிந்தவர்களுக்கும் வருமாம், தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பாம். "இது சாபமில்ல, வருத்தம், ஒரு நோய். மாத்திரையை ஒழுங்கா போட்டா நீண்ட காலம் இருக்கலாம், வீட்டில எல்லாரும் இரத்தம் சோதிக்கோணும்" என்று இரண்டு தடவை சொன்னார். மாமா வெளியே வந்து, "டொக்டரம்மாவே நம்ம பொட்டப் பாத்து அசந்துட்டாங்க" என்று பஸ்ஸில் எல்லோரிடமும் சொன்னார். மாத்திரையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார், சாமி உத்தரவு கொடுத்ததும் போடுவாராம். தினமும் சூடம் காட்டுகிறார். மாத்திரைகள் நல்ல சுகத்தோடு இருக்கின்றன, மாமாவுக்குத்தான் மேடேறினால் மூச்சு வாங்குகிறது.

இனித்தான் பயப்பட வேண்டிய சங்கதி. தை மாதம் உங்களுக்கும் மாமா மகள் கம்சலாவுக்கும் கல்யாணம் என்று அம்மா எழுதச் சொன்னார். போன கிழமை கம்சலாவுக்கும் பொட்டு தெரிந்துவிட்டதாம். "ஜாதகப் பொருத்தமெல்லாம் எதுக்கு, இவனுக்கு ரெண்டு கண்ணுலயும் பொட்டு, அவளுக்கும் பொட்டு, பொறக்குற புள்ளைக்கு நாலு பொட்டு" என்று அம்மாவுக்கு ஒரே கொண்டாட்டம். மறுபடி மாமாவைக் கூட்டிப்போன அன்று டொக்டரிடம் மெதுவாகக் கேட்டேன். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே இருதயம் பழுதாகலாம் என்றார். அதை அம்மாவிடம் சொன்னேன், அறைதான் கிடைத்தது. "கல்யாண வீட்டுல சீக்குப் பேச்சா? இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒன்ன எவன்டி கட்டுவான்?" என்று கேட்டார். வம்சம் அழிந்தாலும் பரவாயில்லை, வம்சத்தின் பெயர் கெடக்கூடாது.

கம்சலாவைக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அண்ணா, அவள் நல்லவள். தெரிந்துகொண்டு கட்டுங்கள். அங்கேயே இரத்தம் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள், பிறகு கம்சலாவையும் சோதிக்கச் சொல்லுங்கள். நான் சொன்னால் நாக்கில் சனி என்பார்கள், கட்டாரிலிருந்து நீங்கள் சொன்னால் அதுவே அறிவு. மாத்திரை கொடுத்தால் உங்கள் வாயில் போடுங்கள், படத்துக்கு முன்னால் வைக்காதீர்கள். நாற்பது வயதில் நீங்கள் நின்ற நிலையில் போக வேண்டாம், நூறு வயதில் பாயில் கிடந்து எல்லோரையும் ஏசிக்கொண்டு போங்கள்.

எழுதக் கூச்சமாக இருக்கிறது. இன்று தலை பின்னும்போது அம்மா என் இடது இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அழுதார், சந்தோசத்தில். பக்கத்துக் காம்பரா வீடுகளுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார்.

பள்ளிக்கூடச் சோதனைக்குப் படிப்பதாகச் சொல்லி அடுப்படிக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். கடைசியில் கையெழுத்துப் போட விடுவார்களோ தெரியாது, இங்கேயே போட்டுவிடுகிறேன். உங்கள் தங்கச்சி, தயானி.

மறந்துவிட்டேன், இரத்தச் சோதனைக்குப் போகும்போது நம் அப்பாவின் வயதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அங்கே அதைப் பெருமையாக

கதவைத் தட்டுகிறார்கள். மாமாதான், மேடேறி வந்த மூச்சு கதவைத் தாண்டிக் கேட்கிறது. "தொறம்மா, மருமகனுக்கு இன்னொரு போத்தல் நெய் கொண்டாந்திருக்கேன்" என்கிறார். அண்ணா, அதையும்