கோட்டுல பின்னால போனது

வெள்ளிக்கிழமை, ராத்திரி.

தூக்கம் வரல. எல்லாம் அந்த சாக்பீஸ் கோட்டால வந்த பேஜாரு.

எண்ணூர் சமூகக்கூடத்துல எங்களுக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி தர்ற நஸ்ரின் அக்கா, முதல் நாளே தரையில நீளமா ஒரு கோடு போட்டாங்க. "உனக்கு எவ்ளோ தைரியமோ அவ்ளோ தூரம் போய் நில்லு." நான் கோட்டு முனையையும் தாண்டி ஜன்னல் மேல ஏறி நின்னேன். ஒரே விசில். அக்கா போட்டோ எடுத்தாங்க.

இன்னிக்குக் கடைசி வகுப்பு. பயிற்சியை நடத்துற டிரஸ்ட்டிலிருந்து வந்த சார், மறுபடி கோட்டுல நிக்கச் சொன்னார். நாலு பேர் எதிர்ல பேசினா என் கால் நடுங்கும்னு இந்த வகுப்புலதான் எனக்கே தெரிஞ்சுது. அதனால நடுவுல நின்னேன். என் நிஜ அளவு அதுதான்.

"இன்னா மாமு, ரிவர்ஸ் கியரா?"ன்னு பாபு கத்தினான்.

சார் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பையன் இறங்கிட்டானேம்மா. அடுத்த வருஷம் இந்த வகுப்பு தேவையா?"

அக்கா என்னையே பார்த்தாங்க.

"அன்னிக்கு நின்னது என் வாய் சார், இன்னிக்குத்தான் நான்"னு இப்போ நல்லா வருது. அப்போ "ஜன்னல் மூடிக்கீது சார்"னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க, அக்காவைத் தவிர.

இதை அவர்கிட்டயே சொல்ல, காலையில அக்காகிட்ட சார் நம்பர் கேக்கணும். வாங்கிட்டா பேசியாகணும். போர்வைக்குள்ளயே கால் நடுங்குது.