நடராஜா கல்யாணத்துக்கு நாங்கள் மூவரும் போய் வந்தது

மெர்போக்,
1944 ஆவணி, வெள்ளிக்கிழமை

என் அன்பு மகன் பரஞ்சோதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் மனைவி புஷ்பவள்ளியும் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் பொய், இருக்கிறோம், அவ்வளவுதான். நீ சயாமில் எந்த மூலையில் இருந்தாலும் மாரியாத்தா உன் பக்கத்தில் இருக்க வேண்டும். ரயில் பாதை போட மூன்று மாத வேலை என்று சொல்லி உன்னை லாரியில் ஏற்றினார்கள், வருஷம் தாண்டிவிட்டது. சுங்கைப் பட்டாணியில் மளிகைக்கடை வைத்திருந்த கவுஸ் ராவுத்தர் இப்போது அரிசிக்காக சயாம் எல்லை தாண்டி ஹாட்யாய் போய் வருகிறார், அங்கே ரயில் வேலையாட்களைத் தெரிந்தவர்கள் உண்டாம், அவர் கையில் இதைக் கொடுக்கப் போகிறேன். சேருமா சேராதா என்று என்னைக் கேட்காதே. தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோய் ரப்பர் மரத்தைச் சுற்றிக் காடு மண்டிக் கிடக்கிறது. லயத்து வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி போட்டிருக்கிறோம், காலையிலும் அதுதான், சாயங்காலமும் அதுதான். உன் அம்மா அதற்கே புட்டு, அடை, கஞ்சி என்று பெயரை மாற்றி மாற்றி வைக்கிறாள், நான் முகம் சுளித்தால் துரை பங்களாவுல போய்ச் சாப்பிடுங்க என்கிறாள். ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடிப்போய் எத்தனை காலம் ஆகிறது.

உன் உயிர்ச் சிநேகிதன் நடராஜாவுக்குக் கூலிமில் கல்யாணம் நடந்தது. பெண் குணவதி, அவனுடைய சொந்த மாமன் மகள். நீயும் அவனும் ஒரே லாரியில்தான் போனீர்கள், அவன் மட்டும் அழுகிப்போன காலோடு பங்குனியில் திரும்பி வந்துவிட்டான். வந்தவன் எங்கள் பக்கம் தலைகாட்டவே இல்லை. உன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன், உன்னைப் பற்றிச் சொல்ல ஒரு நடை வரக்கூடாதா என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். நான் போயிருக்கலாம், காய்ச்சல் விட்டு விட்டு வந்து படுத்துக் கிடந்தேன். உள்ளதைச் சொன்னால், கேட்கப் பயமாகவும் இருந்தது. கடைசியில் அவன் சித்தப்பா அய்யாவு வெற்றிலை பாக்கோடு சொல்ல வந்தான். அண்ணனும் அண்ணியும் கட்டாயம் வந்துடணும்லா, மருமக எதுக்கு அலையணும், அது வீட்டுலயே இருக்கட்டும் என்றான். எனக்குச் சுருக்கென்றது. என் மகன் இல்லாத இடத்தில் அவன் பெண்டாட்டி வராமல் யார் வருவது என்று அவனை ஏசி அனுப்பிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவன் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

வீட்டில் நல்ல சேலை ஒன்றுதான் மிச்சம், அதை அம்மா அவளுக்குக் கட்டிவிட்டுத் தான் ஒட்டுப்போட்டதைக் கட்டிக்கொண்டாள். சுங்கைப் பட்டாணி வரை மாட்டு வண்டி, அங்கிருந்து கரிப்புகை கக்கும் லாரி ஒன்று, அதுவும் பாதி வழியில் சடக்கிலேயே நின்றுவிட்டது, மிச்சம் நடை. பாலத்துக் காவலில் ஜப்பான்காரனுக்கு இடுப்பை வளைத்துக் குனிந்தோம், அம்மா சரியாகக் குனியவில்லை என்று அவளை வெயிலில் நிறுத்தி வைத்தான். சாமிக்குக்கூட நான் இவ்வளவு குனிஞ்சதில்ல என்று கூலிம் போய்ச் சேரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். புஷ்பவள்ளி மட்டும் அலுப்பே தெரியாமல் முன்னால் நடந்தாள். நடராஜாவைப் பார்த்துவிட்டால் உன்னைப் பாதி பார்த்த மாதிரி என்று அவளுக்கு நினைப்பு.

கல்யாணம் தோட்டத்துக் கோயிலில். தங்கத்துக்கு எங்கே போவது, மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டி அதையே தாலியாக வைத்திருந்தார்கள். தேங்காய்மேல் அதை வைத்துத் தட்டில் ஏந்தி, நடராஜாவின் அம்மா காளியம்மா சபையில் ஒவ்வொருவரிடமும் காட்டி வந்தாள், எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். என்னிடம் காட்டினாள், அம்மாவிடம் காட்டினாள். அடுத்து புஷ்பவள்ளி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தட்டு அவளைத் தாண்டி அடுத்தவளிடம் போய்விட்டது. காளியம்மா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. தாலி அறுத்தவளுக்குத்தான் மகனே அந்தத் தட்டைக் காட்டாமல் போவார்கள். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். மணவறையில் இருந்த நடராஜாவைப் பார்த்தேன், அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

தாலி கட்டி முடிந்ததும் அவனைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய்க் கேட்டேன். என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். முகாமில் வாந்திபேதி வந்து, விழுந்தவர்களையெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார்களாம், உன்னையும் தூக்கிப் போனார்களாம். மறுநாளே மற்றவர்களை வேறு முகாமுக்கு ஓட்டிவிட்டார்களாம். செத்ததைக் கண்ணால் பார்த்தாயாடா என்றேன். பாக்கல பெரியப்பா, ஆனா அந்தக் கொட்டகைக்குப் போனவன் ஒருத்தனும் திரும்பி வரல, இத எந்த வாயால வந்து சொல்றது, அம்மாகிட்ட மட்டுந்தான் சொன்னேன் என்றான். அவன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. போய் என்ன. பந்தியில் உட்கார்ந்தேன், பல மாதம் கழித்துச் சோற்றைக் கண்ணில் பார்க்கிறேன், இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

நடராஜா என்ன சொன்னான் என்று திரும்பும் வழியில் அம்மா கேட்டாள். வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்களாம், சேதி தெரியாதாம் என்றேன். நம்பினாளோ என்னவோ. புஷ்பவள்ளிதான், தட்டக் காட்டாட்டிப் போறாங்க மாமா, நீங்க அவருக்கு ஒரு கடுதாசி போடுங்க என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். இப்போதும் எதிரே உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எழுத்துத் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. முடித்ததும் படித்துக் காட்டச் சொல்வாள், எழுதாததை எல்லாம் படிக்க வேண்டும். மகனே, நீ இருக்கிறாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன். கருமாதி செய்வதென்றால் இவள் கழுத்துத் தாலியில் கைவைக்க வேண்டும். செய்யாமல் விட்டால் உனக்குச் செய்ய வேண்டியது நின்றுபோகும். இரண்டுக்கும் எனக்குத் தெம்பில்லையப்பா. காளியம்மா வாய் சும்மா இருக்காது, அய்யாவுக்கும் அவள்தான் சொல்லியிருப்பாள், நம் லயத்துக்கும் சீக்கிரம் பேச்சு வந்துவிடும், அப்போது பெரியவனாக நான்தான் ஏதாவது சொல்ல வேண்டும்.

மாரியாத்தா உன்னை எங்கே வைத்திருந்தாலும் நோவில்லாமல் வைத்திருக்கட்டும். நானும் அம்மாவும் உன் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்கிறோம். மறக்காமல் ஒன்று எழுதச் சொல்கிறாள் புஷ்பவள்ளி, அவள் சொன்னபடியே எழுதுகிறேன். கண்ட தண்ணியையும் குடிச்சிடாதீங்க, காய்ச்சிக் குடிங்க.

இப்படிக்கு,
உன் அப்பா
பக்கிரிசாமி