அப்பாவின் வாக்குமூலம்

அன்புள்ள அப்பா,

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால நடந்த கொலைக்கு இப்ப என்னம்மா விசாரணை?" என்று என் ஆய்வைக் கிண்டல் செய்வீர்கள். நற்செய்தி நூல்கள் பேரரசுக்குப் பயந்து, சிலுவைத் தண்டனை கொடுத்த ஆளுநரை நல்லவராகக் காட்டி, பழியை, தண்டனை கேட்டுக் கத்திய கூட்டத்தின் மேல் போட்டன என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று போனில், நீங்கள் வார்டராக இருக்கும் சிறையில் இறந்த கைதியைப் பற்றி விசாரணைக்கு உங்கள் வாக்குமூலத்தை எழுதித் தரச் சொன்னீர்கள். "கைதிங்களே அடிச்சிக்கிட்டாங்கன்னு போடும்மா. நீதான் படிச்சவ, கோர்வையா எழுதுவ." மறுக்கத் தைரியம் வரவில்லை, சரி என்றேன்.

அவர் இறந்த அன்று நான் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். வேலை முடிந்து வந்த உங்கள் வலது கை வீங்கியிருந்தது. ஒத்தடம் கொடுத்தேன், எதுவும் கேட்கவில்லை.

கைதிகள் அடித்தார்கள் என்று என்னால் எழுத முடியாது அப்பா. நடந்ததை நீங்கள் சொல்வதானால் ஞாயிறு வருகிறேன். எத்தனை பக்கமானாலும் எழுதித் தருகிறேன்.

உங்கள் மகள்