வளையத்துக்கு வைத்த பொட்டு

மேல் டிவிசன்,
ஹல்துமுல்லை.
10.11.2024

அன்பு மகள் விதுஷாவுக்கு,

அப்பா எழுதுவது. மஸ்கட் வெயிலில் நீ வாடாமல் இருக்க மாரியம்மாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி, உன்னைப் போலவே அகல நெற்றி, பிடிவாதமும் அப்படியே. இனி எழுதப்போகும் சேதியைப் போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் அந்த நிமிசமே ஏசுவாய். அதனால் ரேடியோ திருத்துகிற அஷ்பாக்கின் மச்சான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும்போது அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

போன வருசம் வந்தபோது நீ கட்டிக்கொடுத்த ரேடியோவைப் பற்றிய சேதிதான். மழை அளக்கும் குழாய் நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பக்கத்தில் இருக்கிறது, மண் சரியும் என்று அடையாளம் போட்ட கீழ் லயம் குன்றுக்கு அந்தப் பக்கம், மழை நேரத்தில் போன் எடுபடாது. எழுபத்தைந்து மில்லிமீட்டர் தாண்டினால் நான் ரேடியோவில் சொல்ல வேண்டும், அங்கே விஜயலெட்சுமி கேட்டு இருபத்திரண்டு குடும்பத்தையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற வேண்டும். அவ்வளவும் சவுக்கு மரத்தில் ஏரியல் கம்பியோடு நீ தொங்கவிட்ட பெட்டிக்குள் இருக்கும் கருப்பு வளையத்தையும் அதில் சுற்றிய செம்புக் கம்பியையும் நம்பித்தான், அதில் ஈரம் ஏறக்கூடாது என்று பத்துத் தடவை சொன்னாய். நானும் பத்துத் தடவை தலையாட்டினேன்.

ஆயுத பூசைக்குத் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, அம்மாவின் தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம், ரேடியோவுக்கும் வைத்தேன். அப்புறம் ஒரு யோசனை வந்தது, ரேடியோ வெறும் வாய்தானே, வேலை செய்வது மரத்தில் தொங்குகிற வளையம், அதை விட்டுவிட்டால் சாமிக்கு அடுக்குமா. ஏணி போட்டு ஏறி, பெட்டியைத் திறந்து, வளையத்துக்கே சந்தனத்தைக் குழைத்து அப்பி நடுவில் குங்குமம் வைத்தேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அப்போது பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஓட்டை கண்ணில் பட்டது. பாவம் பிள்ளை அவசரத்தில் அடைக்க மறந்துவிட்டது என்று அதையும், மூடியின் ஓரத்தையும், கண்ணாடி ஒட்டும் பசையால் இறுக அடைத்துவிட்டு இறங்கினேன். விதுஷாகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா என்றாள் அம்மா. பெத்தவன் பிள்ளகிட்ட போயி கேக்கணுமா என்றேன். அந்த வார்த்தையை அவள் எனக்குத் திருப்பிச் சொல்லாத நாள் இல்லை.

பத்து நாள் கழித்து மழை பிடித்தது. மத்தியானம் குழாயில் எழுபத்தெட்டு. கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன், இரைச்சல் தவிர ஒன்றும் இல்லை. ரேடியோவைத் தட்டிப் பார்த்தேன், கும்பிட்டும் பார்த்தேன். பிறகு தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதையில் விழுந்து எழும்பி ஓடினேன், ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. போய்ச் சேர முக்கால் மணி நேரம். விஜயலெட்சுமி ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். மாமா, நீங்க ஒன்னும் பேசல, சரி மேல மழை கம்மி போலன்னு இருந்துட்டோம் என்றாள். மீரியபெத்தை மண்சரிவில் தாய் தகப்பனைப் பறிகொடுத்தவள் அவள். ரேடியோவை இடுப்பில் செருகிக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டப் போனாள், ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று எல்லோரும் ஏறிவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை.

மறுநாளே பண்டாரவளையில் ரேடியோ திருத்துகிற அஷ்பாக்கைக் கூட்டிவந்தேன். அவர் பெட்டியைத் திறந்ததும் அரை டம்ளர் தண்ணீர் அவர் சட்டையில் கொட்டியது. அண்ணே, உள்ளுக்குக் கிணறும் வெட்டி கோயிலும் கட்டி வெச்சிருக்கீங்களே என்றார். பகலில் பெட்டி சூடாகி இரவில் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்றே வேர்த்துத் தண்ணீராகிறதாம், அது ஒழுகத்தான் நீ ஓட்டை விட்டாயாம். நான் அப்பிய சந்தனம் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கம்பியில் பச்சை பூக்க வைத்துவிட்டது. வளையம் இரும்புத் தூளை அமுக்கிச் செய்ததாம், மேல்பூச்சு பெயர்ந்த இடமெல்லாம் துரு. நல்லவேளை, அதே வகை வளையம் இன்னொன்று அவரிடம் இருந்தது. புதுக் கம்பி சுற்றியது அம்மா. ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பூக் கட்டுவது போலச் சுற்றினாள், நான் பேச்சுக் கொடுத்து இரண்டு தடவை எண்ணிக்கையைக் குழப்பியதால் மூன்றாம் தடவை என்னை வெளியே அனுப்பிவிட்டாள். ஈரத்தோட பூசினா ஈரத்தப் பூட்டி வெச்ச மாதிரி என்று அஷ்பாக் சொன்னபடி அடுப்படிச் சூட்டில் நன்றாகக் காயவைத்து, பிறகு வார்னிஷ் இரண்டு பூச்சு. பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக் வாளியைப் பாதியாக வெட்டிக் கூரை போட்டேன், அம்மாவின் நல்ல வாளி, அதையும் கேட்காமல்தான் எடுத்தேன். வயர் உள்ளே போகுமுன் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டோம், வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஓட்டையைத் திறந்து, குளவி புகாமல் ஒரு துண்டு வலை வைத்தோம்.

அப்படியும் கீழ் லயத்தில் யாரும் நம்பவில்லை. பெட்டிய விடுங்க, அடுத்த மழைக்கும் நீங்களே ஓடி வாங்க, இன்னொரு செருப்பும் இருக்குல்ல என்று சிரித்தார்கள். போன புதன்கிழமை விடிந்ததில் இருந்து கொட்டியது. இரண்டு மணிக்கு எண்பத்திரண்டு. பட்டனை அமுக்கினேன். ஒரு தடவைதான் கூப்பிட்டேன். கேட்டிச்சு மாமா, கெளம்பிட்டோம் என்றாள் விஜயலெட்சுமி, பக்கத்தில் நின்று பேசுவது போல. மேட்டில் ஏறிப் பார்த்தேன், மழைக்குள்ளே குடை குடையாகப் பள்ளிக்கூடத்துக்கு ஏறுகிறார்கள், கடைசியில் ஒருவன் டீவியைப் போர்வையில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு.

மறுநாள் வெயில். மலையில் ஒரு கல்கூட உருளவில்லை. காலையில் வீடு திரும்பியவர்கள் ஒவ்வொருவராக ரேடியோவில் வந்து என்னை ஏசினார்கள், சும்மா ஆளக் கெளப்பிவிட்டீங்க, பாயெல்லாம் நனஞ்சி போச்சு, ரெண்டு கோழியக் காணோம் என்று அரை மணி நேரம். ஒரு சொல் விடாமல் தெளிவாகக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். கடைசியாக விஜயலெட்சுமி வந்தாள். இவங்க கெடக்கிறாங்க மாமா, அடுத்த மழைக்கும் இப்புடியே கூப்புடுங்க என்றாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, சம்பளத்தையெல்லாம் இங்கே அனுப்பாமல் உனக்கும் நல்லதாக நாலு உடுப்பு வாங்கிக்கொள். சித்திரைக்கு வரும்போது உபரியாக இரண்டு வளையமும் ஒரு டின் வார்னிஷும் மறக்காமல் கொண்டுவா. முனியாண்டியும் மாரியம்மாவும் உனக்கு முன்னும் பின்னும் நடந்து வரட்டும், நூறு வயசுக்கு நோயில்லாமல் இரு.

இப்படிக்கு,
உன் அப்பா
வீரய்யா