ஊருக்கெல்லாம் ஒரே கண்

உமது மருமகள் நேற்று பழைய பெட்டியை ஒழித்தபோது கிடைத்தது என்று உம் டைரியைக் கொண்டுவந்தாள். "மாமா எழுதுனது. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்களே வச்சுக்கிடுங்க சின்ன மாமா" என்றாள். பிரித்ததும் வஜ்ஜிர வாடை. நாடகத் திரைக்குப் பசை காய்ச்சிய அந்த நாற்றம் இத்தனை வருஷமாகத் தாளுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

சங்கரன்கோவிலுக்கு வந்த நாடகம் ஒன்றையும் நீர் டைரியில் எழுதாமல் விட்டுவைக்கவில்லை. "ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பபூன் காப்பாற்றினான். நம் காட்டு சீனுக்குக் கைதட்டல்." கைதட்டல் காட்டுக்கா, அதன் முன்னால் வந்து நின்ற ஸ்திரீபார்ட்டுக்கா என்று யார் கண்டது! ஆடித் தபசுத் திருவிழா நெருங்கினால் நாம் இருவரும் கொட்டகைக்குப் பின்னால் திரைத் துணியை விரித்துக் கட்டி, பகல் முழுக்கத் தர்பாரும் காடும் எழுதுவோம். உச்சி வெயிலில் உம் மனைவி இருவருக்கும் சோறு கொண்டுவருவார். நீர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே தூக்குச்சட்டியை வாங்குவீர். நான் எதிரே உட்கார்ந்து வர்ணம் குழைத்துக்கொண்டிருப்பேன்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் வாந்திபேதி வந்தது. கொட்டகையை அடைத்துவிட்டார்கள். சாவுப் படம் நமக்குத் தொழிலாயிற்று. செத்தவரை நாற்காலியில் சாய்த்து எடுத்த போட்டோவைக் கொடுத்து, கண் திறந்தாற்போல் எழுதித் தரச் சொல்வார்கள். நீர் டைரியும் பென்சிலுமாகக் கேட்பீர்: "கண்ணு எப்படி இருக்கும்?" ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. மனைவியை இழந்த ஒரு நெசவாளி, "கண்ணு கண்ணு மாதிரிதாம் இருக்கும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அழுதார். அதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறீர். கடைசியில், தர்பார் சீனில் சிம்மாசனத்துக்கு மேலே எழுதும் தேவதையின் கண்ணையே எல்லாருக்கும் வைத்தீர். ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் ஒரே கண். யாரும் குறை சொல்லவில்லை.

பிறகு உம் வீட்டிலேயே சாவு விழுந்தது. இரண்டே நாளில் உம் மனைவி போய்விட்டார். போட்டோவை என் முன்னால் வைத்து, "எனக்குக் கை வரல. நீரே எழுதும் வே" என்றீர். வாய்ப் பழக்கத்தில் நான் கேட்டுவிட்டேன்: "கண்ணு எப்படி இருக்கும்?"

"தெரியலியே வே, எனக்குத் தெரியலியே" என்று தலையில் அடித்துக்கொண்டீர்.

எனக்குத் தெரியும். தேன் நிறம். இடது கண்ணின் வெள்ளையில் எள்ளளவு ஒரு மச்சம். சிரித்தால் அந்தக் கண் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கும். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை; எதிரே உட்கார்ந்திருந்தவன் பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் அடுத்தவன் பெண்டாட்டியின் கண்ணை எந்த வாயால் சொல்வது? தேவதைக் கண்ணையே வைத்தேன். சாகும்வரை நீர் அந்தப் படத்துக்குப் பூப் போட்டீர். உம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அதற்கு முதுகு காட்டியே உட்கார்ந்தேன்.

நான் படம் தந்த நாளில் டைரியில் எழுதியிருக்கிறீர்: "தேவதைக் கண்ணை வைத்திருக்கிறார். இவள் கண் அவருக்குத் தெரிந்திருக்கும், தினமும் எதிரே உட்கார்ந்தவர். கேட்டால் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று கேட்கவில்லை."

நீர் கேட்டிருக்கலாம் வே. நான் சொல்லியிருக்கலாம். மரியாதை பார்த்துப் பார்த்தே இரண்டு பேருமாக அவர் கண்ணை மூடிவிட்டோம். மருமகள் போன பிறகு பென்சிலை எடுத்துப் பார்த்தேன். மனசில் தெளிவாக நிற்கிறது, தாளில் வரமாட்டேன் என்கிறது. அந்தக் கண் இந்த உலகத்தில் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. எனக்கும் எண்பது தாண்டிவிட்டது.