மூக்கைத் தொட்டால் அக்கா

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே மூன்று பேரும் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று தெரிந்தால் மனசுக்கும் நன்றாக இருக்கும். மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொல்லியும் உன் அம்மா துணி காயப்போட ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள், என் பேச்சு எங்கே எடுபடுகிறது? நான் பஸ் ஓட்டுவதை விட்ட பிறகும், பயணியாக உட்கார்ந்தால் கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறது. உன் அறையில் எதையும் மாற்றவில்லை, காலையில் ஜன்னலை மட்டும் திறந்து வைக்கிறேன்.

உன் தங்கை விஷயமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். பேசாத பிள்ளைக்கு வாயாடி என்று பெயர் வைத்தவள் நீ, இப்போது பள்ளிக்கூடம் முழுக்க அதுதான் பெயர். போன வாரம் உன்னைப் போலவே ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் அங்கே வந்திருந்தாள். இவளைப் போன்ற பிள்ளைகளை எல்லோரோடும் ஒரே வகுப்பில் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். ஒவ்வொரு பிள்ளையாகக் கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போய்க் கேள்வி கேட்டாள், பெற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். உனக்கு ரொம்பப் பிடித்தவர் யார் என்று கேட்டிருக்கிறாள். நம் வாயாடி உடனே விரலால் மூக்குத் தண்டைத் தொட்டு மேலே தள்ளினாள். கண்ணாடி போட்ட அக்கா என்று உன்னைச் சொல்ல நீங்கள் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து கண்டுபிடித்த சைகை. அந்தப் பெண்ணும் கண்ணாடி போட்டவள், தன்னைப் பார்த்துச் செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தபடி தன் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டாள். இவள் மறுபடி தொட்டாள், அவளும் மறுபடி தள்ளினாள். நான் வெளியே கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறேன், யார் கேட்பது? பார்த்ததை அப்படியே செய்கிறாள், பதில் இல்லை என்று அந்தப் பெண் எழுதிவிட்டாள்.

அதோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். பதில் சொல்லாத பிள்ளைகளை அடுத்த வருஷம் பின்பக்கத்துத் தனி அறையில் உட்கார வைக்கலாம் என்று தலைமை ஆசிரியை சொன்னார். வகுப்பில் அவளுக்கு ஜன்னலோர பெஞ்சு, பக்கத்தில் ரிப்பன் கட்டிவிடுகிற தோழி, அதுவும் போனால் அவளுக்கு என்ன இருக்கிறது? எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது, நேரே போய் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், அதுதானே சார் நியாயம் என்றாள். எல்லாருக்கும் ஒரே சைஸ் செருப்பு வாங்கிக் குடுத்துட்டு, நடக்கத் தெரியலைன்னு எழுதுவியாம்மா என்றேன். சொன்ன பிறகு பாவமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு கண்ணாடியைத் தள்ளிவிட்டாள், திட்டு வாங்கும்போது நீ செய்வது அச்சு அசலாக அதேதான். சைகை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பக் கேட்கிறேன், அதுவரை எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்று அவளே தலைமை ஆசிரியையிடம் பேசினாள்.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவள் சைகைகளில் எனக்குத் தெரிந்தது சாப்பாடு, தண்ணீர், பஸ், வேண்டாம், அவ்வளவுதான். அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் தெரியும். மற்றதெல்லாம் உங்கள் இருவர் சொத்து. விரலால் ஏதேதோ சொல்கிறாள், நாங்கள் முழிக்கிறோம், பாதியில் நிறுத்திக் கையை மடியில் வைத்துக்கொள்கிறாள். அதைப் பார்க்க முடியவில்லை மகளே. நீ போனதில் எங்களுக்கு ஒரு பிள்ளை தூரமானாள், அவளுக்குப் பேச்சுத்துணையே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வந்து எங்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடு. வா என்று கூப்பிட மாட்டேன், உன் வேலை பெரிது. ஆனால் வந்தால் நன்றாக இருக்கும். நீயும் அங்கே யார் யார் பிள்ளைகளையோ கேள்வி கேட்பாய், கதவுக்கு வெளியே எவராவது கையை ஆட்டிக்கொண்டு நின்றால் உள்ளே கூப்பிடு.

இதை எழுதும்போது வாயாடி எதிரே வந்து உட்கார்ந்தாள். யாருக்கு என்று நான் சொல்லவில்லை, அவள் விரல் மூக்குக்குப் போய்விட்டது. வாசல் மணி அடித்தாலும் இதேதான், மூக்கைத் தொட்டுக்கொண்டே ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறாள், பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறாள்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மறக்காதே. கண்ணாடியை விட்டுவிட்டுக் காண்டாக்ட் லென்ஸ் வைக்கப்போவதாக எழுதியிருந்தாய், கொஞ்சம் பொறு. கண்ணாடி இல்லாமல் வந்து நின்றால் அவள் உன்னை எப்படிக் கூப்பிடுவாள்?

வாசலைப் பார்த்தபடி,
உன் அப்பா